வண்டி வீட்டுத் தண்ணீரும் அம்மாவின் டம்ளரும்

காலையில் எழுந்ததும் உள்ளங்கையைப் பார், சாமி படத்தைப் பார் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். இங்கே நான் முதலில் பார்ப்பது அடுப்புக்கு மேலே வரிசையாக இருக்கும் சின்னப் பச்சை விளக்குகளை. பக்கத்திலிருக்கும் பொத்தானை அழுத்தினால், தொட்டியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று அவை காட்டும். எல்லா விளக்கும் எரிந்தால் அன்றைக்குப் புளிக்குழம்பு. ஒன்று மட்டும் எரிந்தால் காய்ந்த ரொட்டி. குழம்பு வைப்பதற்குத் தண்ணீர் இருக்கும், குழம்பு வைத்த சட்டியைக் கழுவத்தான் இருக்காது. பிரான்சில் இருக்கிறாயே, தினமும் என்ன சாப்பிடுவாய் என்று கேட்கும் ஊர்க்காரர்களுக்கு இதை எப்படிச் சொல்வது? விளக்கு என்ன சொல்கிறதோ அதைச் சாப்பிடுகிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் இப்போது இருப்பது வீட்டில் அல்ல. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். வேறு வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம், எங்கள் சம்பளச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார்கள். ஆறு மாதம் சமாளிப்போம் என்று ஒரு பழைய காம்பிங்-கார் வாங்கினோம். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. அவர் கிடங்கு வேலைக்குப் போகிறார். நான் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, சமைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். பாகூர் பக்கம் சோரியாங்குப்பத்தில் இருக்கும் என் அம்மா எங்கள் வண்டிக்கு வைத்த பெயர் ‘வண்டி வூடு’. அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

சிரிக்கட்டும். ஆற்றங்கரை ஊரில் பிறந்தவளுக்கு, தண்ணீரை அளந்து வாழும் வீடு என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும். எங்கள் வீட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவது ஒரு குடும்ப வழக்கம். மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டி நிரம்பி, சுவரோடு வழிந்து, தெருவில் ஓடி, எதிர்வீட்டு பாக்கியம் அக்கா “தண்ணி வழியுது, தண்ணி வழியுது” என்று கத்தும்போதுதான் யாராவது எழுந்து போய் சுவிட்சை அணைப்போம். தண்ணீர் வழிந்த இடமெல்லாம் சுவரில் பாசி பிடித்து நிற்கும். கைச்செலவு அதிகம் செய்கிறவளை ‘தண்ணியா செலவு பண்றா’ என்று எங்கள் ஊரில் திட்டுவார்கள். இந்த வண்டியில் என் வீட்டுக்காரரைத் தண்ணீர் மாதிரி செலவு செய்யச் சொன்னால் அவர் கஞ்சன் ஆகிவிடுவார்.

முதல் கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். மழையே இல்லை. வண்டிகள் தண்ணீர் பிடிக்கும் பொதுக் குழாயை மெரி, அதாவது எங்கள் பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி ஓர் அலுவலகம், பூட்டிவிட்டது. பக்கத்தில் ஒரு பண்ணை வீடு இருந்தது. இருபது லிட்டர் கேனை எடுத்துக்கொண்டு போனேன். எடுத்த எடுப்பில் கேனை நீட்டுவது மரியாதையாக இருக்காது என்று அதை வேலியோரம் வைத்துவிட்டு, கதவைத் தட்டி, “கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா மதாம்?” என்று கேட்டேன். அந்த அம்மா என் வேர்த்த முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய், நீளமான கண்ணாடி டம்ளரில் எலுமிச்சைத் துண்டு மிதக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பரிவோடு நின்றாள். நம் ஊரில் ‘கொஞ்சம்’ என்று கேட்டால் ‘எவ்வளவும்மா வேணும், குடம் எங்கே?’ என்று கேட்பார்கள். அவள் அப்படிக் கேட்பாள் என்று நானும், நான் கேட்டது கிடைத்துவிட்டது என்று அவளும் நின்றுகொண்டிருந்தோம். மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு, வெறும் கேனை அவள் கண்ணில் படாமல் தூக்கிக்கொண்டு வந்தேன். வண்டியில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகுதான் தண்ணீரைச் சேர்க்கிற வேலையில் இறங்கினோம். வண்டியோடு வந்த தொட்டி போதாது என்று, கட்டிலுக்கு அடியில் இருந்த துணிப்பெட்டிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு இன்னொரு தொட்டி வைத்தார் அவர். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வண்டி இவ்வளவு எடைக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. தண்ணீர் ஏற ஏற வேறு எதையாவது இறக்க வேண்டும். என் இட்லிச் சட்டி இறங்கியது. அம்மி மாதிரி கனமான மிக்ஸி இறங்கியது. பிறகு கூரையில் மழையைப் பிடிக்க ஏற்பாடு செய்தோம். கூரை ஓரத்தில் ரப்பர் பட்டையை ஒட்டி, ஒரு மூலையில் வழி விட்டு, அங்கிருந்து குழாய் இறக்கி, துணி கட்டி வடிகட்டித் தொட்டிக்குள் விடுவது. முதல் மழைக்கு ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. எல்லாம் எதிர்ப்பக்கமாக வழிந்தது. வரப்பு போட்டால் மட்டும் போதுமா, பாத்தி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? விவசாயி மகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்து வண்டியைச் சாய்த்தேன். அடுத்த மழைக்குத் தண்ணீர் தானாக மூலைக்கு வந்தது. பறவை எச்சத்தோடு வரும் முதல் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பிடிக்கிறோம். குடிப்பதில்லை, கழுவவும் குளிக்கவும் மட்டும்.

இந்த வெற்றியைச் சொல்லத்தான் அன்றைக்கு ஊருக்குப் போன் செய்தேன். என் தம்பி குமரன் எடுத்தான். அவன் பேசிய விதமே சரியில்லை. அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றான். வாரத்தில் மூன்று நாள் புதுச்சேரிக்கு அழைத்துப்போய் இயந்திரத்தில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டதால், குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. நாள் முழுவதற்கும் சேர்த்து இரண்டு டம்ளர், சாப்பாட்டில் இருக்கும் ரசம், மோர் எல்லாம் அதிலேயே கணக்கு. என் கிட்னியைத் தருகிறேன் என்று போனிலேயே சொன்னேன். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பிக்கு ரத்தம் பொருந்தவில்லை. இங்கே அழைத்துவந்துவிடலாமா என்றும் பேசினோம். “அந்த வண்டியில என்னை எங்கடி மாட்டி வைப்ப?” என்று அம்மாவே அந்தப் பேச்சை முடித்துவிட்டாள்.

ஒரு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பெட்டியைத் தம்பி மனைவி மங்கை வாங்கிக்கொண்டாள். அம்மா என்னைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் பேச்சு. நான் குடித்தேன். அம்மாவின் கண் என் முகத்தில் இல்லை, என் தொண்டையில் இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். “குடிடி, ஏன் வச்சிட்ட?” என்றாள். மங்கை வந்து செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள். அந்த வீட்டில் மிச்சத் தண்ணீரை அப்படியே வைக்கக்கூடாது என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

எனக்கு ஓர் அற்ப நம்பிக்கை இருந்தது. அளந்து வாழ்கிற வித்தை எனக்குத் தெரியும், அதை அம்மாவுக்குச் சொல்லித் தந்துவிடலாம் என்று. சின்ன டம்ளரில் குடி, வாய் கொப்பளித்துத் துப்பு, ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள் என்றேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உன் வண்டில தண்ணி தீந்துபோனா இன்னா பண்ணுவ?” என்றாள்.

“தீந்துபோறது கூட பரவால்லமா. சுத்தமான தண்ணிக்கு ஒரு தொட்டி, கழுவுன தண்ணிக்கு ஒரு தொட்டி இருக்குது. அந்தக் கழிவுத் தொட்டி ரொம்பிட்டா, மேல எவ்ளோ தண்ணி இருந்தாலும் குழாயத் தொறக்க முடியாது. ஓடிப்போய் கீழ இருக்கற அடைப்பானைத் தொறந்து காலி பண்ணணும்.”

“வாரத்துக்கு மூணு நாளு எனக்கும் அதான் பண்றாங்க” என்றாள் அம்மா. பிறகு, “உன் வண்டிக்குத் தாகம் எடுக்காது இல்ல?” என்றாள். அதற்கு மேல் வித்தை எதையும் நான் சொல்லித் தரவில்லை.

சாயங்காலமானால் அம்மா நடக்கப் போவாள். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். தெருக்கோடிவரை போய்த் திரும்புவாள், ஒவ்வொரு வாசலிலும் இரண்டு வார்த்தை பேசுவாள். வரும்போது முகம் தெளிந்திருக்கும். நானும் மங்கையும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். நடை நல்லது என்று நான் போனில் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னேன்.

நான் போய் இரண்டாவது வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தாலும் நெஞ்சுக்குள் ஏதோ கொதிப்பதுபோல் சத்தம். கால்கள் வீங்கியிருந்தன. ஆம்புலன்சில் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் முதலில் எடைபோட்டார்கள். அங்கேயும் தண்ணீர் கிலோவில்தான் கணக்கு. அந்த எடையைப் பார்த்த நர்ஸ், “யாரும்மா இவ்வளவு தண்ணி குடுத்தது?” என்று எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். குமரன் அங்கேயே, அத்தனை பேர் எதிரில், மங்கையைத் திட்டினான்.

“அண்ணி, சத்தியமா நான் அளந்துதான் குடுத்தேன்” என்று மங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளை நான் நம்பினேன். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியவில்லை.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். தெருப் பெண்களெல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். பாக்கியம் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “தேனு, நேத்துகூட உங்கம்மா நல்லா பேசிக்கினு இருந்தாளே. ஒரு வாய் தண்ணி குடு பாக்கியம்னா. பாவம், குடுத்தேன்” என்றாள்.

“எங்க வூட்டுலயும் கேட்டாங்க. ஒரே ஒரு வாய்தான்” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

“நம்ப வூட்டுலயும்தான். பானைத் தண்ணி கேட்டாங்க.”

இன்னொருத்தி ஆமாம் என்று வாயைத் திறந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் தப்பு செய்யவில்லை. ஒரு வாய்தான் கொடுத்திருக்கிறார்கள். தெருவில் எத்தனை வீடோ, அத்தனை வாய். தினமும்.

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது? தாயைப் பழித்தாலும் தண்ணியைப் பழிக்காதே என்று சொல்லி வளர்த்த ஊர். அந்த ஊர் வாசலில் நின்றுகொண்டு, இனிமேல் எங்கம்மா தண்ணீர் கேட்டால் யாரும் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. யாரும் விட்டுப்போகக்கூடாது என்று வீடு வீடாகப் போயும் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். சிலர் நான் ஏதோ சொத்துச் சண்டைக்கு வந்தவள்போல் பார்த்தார்கள். பாக்கியம் அக்காதான் வாய்விட்டுக் கேட்டாள்.

“நீ சொல்றது புரியுது தேனு. ஆனா தவிச்ச வாய்க்குத் தண்ணி கேக்கறவங்களுக்கு இல்லன்னு எப்பிடிடி சொல்றது? எங்க வாயில அந்த வார்த்த வராதே. நீ வேணா சொல்லு, நீ வெளிநாட்டுல இருக்கறவ.”

பிரான்சுக்குப் போனால்தான் ‘இல்லை’ என்று சொல்ல வருமா? அங்கேயும் எனக்குக் கேட்கத்தான் தெரியவில்லை. துணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். இயந்திரத்தில் வைத்து, சேர்ந்ததையெல்லாம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம், புடவையைச் சரிசெய்துகொண்டு நடக்கப் போனாள். தடுக்க வேண்டாம், தெருவுக்குத்தான் தெரிந்துவிட்டதே என்று நானும் விட்டுவிட்டேன். வாசலில் நின்று பார்த்தேன். அம்மா வருவது தெரிந்ததும் பாக்கியம் அக்கா வாசற்படியிலிருந்து எழுந்து உள்ளே போனாள். அடுத்த வீட்டில் கதவு சாத்திக்கொண்டது. அதற்கடுத்த வீட்டுக்காரி துணி எடுக்க மாடிக்கு ஏறிவிட்டாள். இல்லை என்று சொல்ல அவர்களால் முடியாது. அதனால் எதிரிலேயே நிற்கவில்லை. எல்லாம் அம்மாமேல் இருக்கிற பிரியம்தான். அம்மா நான்கு வீடு தாண்டி நின்றாள், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள், திரும்பி வந்தாள்.

“தண்ணி குடுக்காதீங்கன்னு வூடு வூடா போய் சொன்னியாமே?”

“ஆமாம்மா.”

“தண்ணி வேணாம்டி. பேசறதுக்குக்கூட ஆள் இல்லாம பண்ணிட்டியே.”

அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நான் செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செய்யாமல் இருந்திருந்தால் அம்மா இருந்திருக்கமாட்டாள், அது தெரியும். விடுப்பு முடிகிறவரை அவள் மறுபடி நடக்கப் போகவில்லை. கிளம்புகிற அன்றைக்கு நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அம்மா வந்தால் உட்கார வைத்துப் பேசுங்கள், தண்ணீர் மட்டும்தான் வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு வந்தேன். சரி என்றார்கள். இப்போதும் அம்மா வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறாள் என்று மங்கை சொல்கிறாள்.

இங்கே திரும்பி வந்ததும் மறுபடி அதே வேலை. எண்பது வயது மதாம் ஒருத்திக்கு நான் தினமும் தண்ணீர் கொடுக்க வேண்டும். அவள் குடிக்க மறுப்பாள். “குடித்தால்தான் உடம்புக்கு நல்லது” என்று டம்ளரை அவள் உதட்டருகே பிடித்துக்கொண்டு கெஞ்சுவேன். அவள் ஒரு நாள், “உனக்கு ஏன் இதற்கெல்லாம் கண் கலங்குகிறது?” என்று கேட்டாள். அம்மாவைப் பற்றி நான் சொன்ன பதிலை என் உச்சரிப்பில் அவள் எப்படி விளங்கிக்கொண்டாளோ, சட்டென்று மொத்த டம்ளரையும் குடித்து முடித்துவிட்டுப் பெருமையாக என்னைப் பார்த்தாள்.

போன வாரம், நீண்ட கோடைக்குப் பிறகு மழை வந்தது. மதிய நேரம், எனக்கு வேலை இல்லாத நாள். அவர் கிடங்கில் இருந்தார். முதல் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுக் குழாயைத் தொட்டிக்குத் திருப்பினேன். பெரிய தொட்டி நிரம்பியது, கட்டிலடித் தொட்டியும் நிரம்பியது. குழாயை வெளியே எடுத்து, கேன்களை ஒவ்வொன்றாக வைத்தேன். அவையும் நிரம்பின. அப்போது அம்மா போன் செய்தாள். அங்கே சாயங்காலம், முன்பெல்லாம் அவள் நடக்கப் போகிற நேரம்.

“இன்னாடி சத்தம் அது?”

“மழைம்மா. கேன்ல வுழுவுது.”

“இங்க இன்னும் எறங்கல. கிட்ட புடி, கேக்கறேன்.”

வண்டிக் கதவைத் திறந்து, போனைக் கேனுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது. எச்சில் விழுங்கும் சத்தமும் கேட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“போதும்டி” என்றாள். “தொண்ட வறளுது. நிறுத்து.”

போனை வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். “வைக்காத. வூட்டுல யாரும் இல்ல, கொஞ்சம் நேரம் பேசு. அந்தச் சத்தத்த மட்டும் நிறுத்து” என்றாள். கதவைச் சாத்தினேன். கூரைமேல் மழை இன்னும் பலமாகக் கேட்டது. கதவைத் திறந்து வெளியே போனேன். போனை நெஞ்சோடு சேர்த்து மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் குழாயின் வாயைப் பொத்தினேன். தண்ணீர் விரலிடுக்குகளில் பீறிட்டு என் முழங்கையில் வழிந்து தரையில் கொட்டியது. இன்னும் அழுத்திப் பொத்தினேன்.

“இன்னும் கேக்குதுடி” என்றாள் அம்மா.